பேஸ் கிட்டார் பிக்கப் மாற்றுவது எப்படி: மலையூர்க்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

புதுப் பிக்கப்புக்கு (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) ஆர்டர் போடுவதற்கு முன், பழையதுதான் குற்றவாளியா என்று பார்த்துவிடுங்கள். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் சர்ச்சிலும் பள்ளி பேண்டிலும் வாசிக்கப்படும் பேஸ்களில் "பிக்கப் போய்விட்டது" என்று சொல்லப்படுவதில் பாதிக்கு மேல் வேறு கோளாறுதான். பாட்டுக்குள் (பாட் என்பது வால்யூம், டோன் நாப்புக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர்) ஈரம் புகுந்திருக்கும், ஜாக் நட்டு தளர்ந்திருக்கும், அல்லது கட்டடத்தில் எர்த்தே சரியாக இருக்காது. செம்புக் கம்பியும் காந்தமும் அவ்வளவு சீக்கிரம் சாவதில்லை.

முதலில் சோதனை

பேட்டரியில் ஓடும் சிறிய ஹெட்ஃபோன் ஆம்பில் பேஸைச் செருகிக் கேளுங்கள். இரைச்சல் காணாமல் போனால், பிரச்சினை பெரும்பாலும் சுவரில் இருக்கிறது. பாறை நிலத்தில் எர்த் குழி சரியாகப் பிடிப்பதில்லை. பழைய பங்களா வீடுகளில் மூன்று துளை பிளக் பாயிண்ட் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. முப்பது நாற்பது காட்டினால் எந்த விலைப் பிக்கப்பும் உங்களைக் காப்பாற்றாது. மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போய் இன்வெர்ட்டரில் வாசிக்கும்போது மட்டும் கொரகொரவென்று வந்தால், அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரின் குணம்.

சுவர் கரண்டில் ஓடும் ஆம்பில் செருகும்போது இரைச்சல் வந்தால் கம்பியைத் தொட்டுப் பாருங்கள். தொட்டதும் குறைந்தால் பிரிட்ஜ் எர்த் (கம்பிகள் முடியும் உலோகத் தாங்கியிலிருந்து போகும் எர்த் ஒயர்) சரியாக இருக்கிறது, உள்ளே ஷீல்டிங் (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) போதவில்லை. தொட்டதும் கூடினால் ஜாக்கில் ஹாட்டும் (சிக்னல் போகும் ஒயர்) எர்த்தும் இடம் மாறியிருக்கிறது, அல்லது சுவர் எர்த்திலேயே கோளாறு. அப்படியானால் மேற்கொண்டு வாசிக்காமல் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஈ கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் ஜி 49 ஹெர்ட்ஸ், திறந்த ஜி கம்பி 98 ஹெர்ட்ஸ். ஹம்மும் (மின்சாரத்திலிருந்து வரும் "ம்ம்" இரைச்சல்) அதன் இரட்டிப்பான நூறும் பேஸின் ஜி சுரத்தை ஒட்டியே உட்கார்ந்திருக்கின்றன. ஜி ஸ்கேல் பாட்டில் நீளமாக ஒரு சுரத்தை விட்டால் நொடிக்கு ஒன்றிரண்டு முறை அலையடிப்பதுபோல் கேட்பது அதனால்தான். டியூனிங் போய்விட்டதென்று பலர் ட்யூனரைத் திருகிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்து மல்டிமீட்டர். கேபிளை பேஸில் செருகி, எல்லா நாப்பையும் முழுதாகத் திறந்து, கேபிளின் மறுமுனையில் நுனிக்கும் உடலுக்கும் இடையே 20 கிலோ ஓம் ரேஞ்சில் பாருங்கள். பாஸிவ் (பேட்டரி இல்லாத) பிரிசிஷன் வகையில் (இரண்டு துண்டாகப் பிரிந்த ஒரே பிக்கப்) சாதாரணமாக 10-ஐ ஒட்டி வரும். ஜாஸ் வகையில் (நீளமான இரண்டு பிக்கப், இரண்டு வால்யூம்) ஒரு வால்யூமை மூடிவிட்டால் 7-ஐ ஒட்டி வரும், இரண்டும் திறந்தால் அதில் பாதி. இந்த எண்கள் வந்தால் பிக்கப் உயிரோடு இருக்கிறது. மீட்டர் 240, 250 என்று காட்டினால் (ரேஞ்சை மாற்றிப் பாருங்கள்) பிக்கப் சுற்று அறுந்து, பாட் மட்டும் தெரிகிறது என்று பொருள். பூஜ்யம் என்றால் எங்கோ ஷார்ட். ஆக்டிவ் (பேட்டரியில் ஓடும்) பேஸில் இந்தச் சோதனை எதையும் சொல்லாது. நேரே பிக்கப் ஒயரில்தான் அளக்க வேண்டும்.

பிக்கப் நன்றாக இருந்து சத்தம் மட்டும் மந்தமாக இருந்தால், பாட்டுக்குள் காண்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முப்பது தடவை திருகுங்கள். பிக்கப்பை இரண்டு மில்லிமீட்டர் உயர்த்திப் பாருங்கள். புதுக் கம்பி போட்டுப் பாருங்கள். இவ்வளவும் செய்த பிறகும் மனசு ஒப்பவில்லையா, மாற்றலாம்.

எதை வாங்குவது

அளவுதான் முதல் கேள்வி, பெயர் இரண்டாவது. பிரிசிஷன் பேஸின் இரண்டு துண்டுப் பிக்கப் 1957 முதல் ஏறக்குறைய ஒரே வடிவம். நான்கு கம்பி பேஸென்றால் பெரும்பாலும் கவலையில்லை. ஜாஸ் வகையில்தான் ஏமாறுவார்கள். நெக் பக்கப் பிக்கப் சுமார் 92 மில்லிமீட்டர், பிரிட்ஜ் பக்கம் சுமார் 95. விலை குறைந்த பேஸ்கள் பலவற்றில் இரண்டும் ஒரே நீளமாக இருக்கும். மூடியை ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள். சோப்பு வடிவப் பிக்கப்பென்றால் ஈஎம்ஜி (ஒரு பிக்கப் கம்பெனி) 35 அளவு சுமார் 89 மில்லிமீட்டர், 40 அளவு சுமார் 102. மலைக்குக் கூரியர் வந்து, திருப்பி அனுப்பி, மறுபடி வருவதற்குள் கிறிஸ்துமஸ் ஆராதனையே முடிந்துவிடும்.

குணம் பற்றிச் சுருக்கமாக: அல்னிகோ காந்தம் போட்டது கொஞ்சம் உருண்டையாகவும், செராமிக் போட்டது உரத்தும் இறுக்கமாகவும் இருக்கும் என்பது பொதுவான விதி. ஆனால் சுற்றின் எண்ணிக்கை அதைவிட அதிகம் பேசும். ரெசிஸ்டன்ஸ் கூடினால் நடுச்சுரம் தடிக்கும், மேல் சுரம் மங்கும். சீமோர் டங்கன் குவார்ட்டர் பவுண்ட் போன்ற தடித்த காந்தப் பிக்கப் ராக் வாசிப்பவருக்குப் பிடிக்கும். பாட்டுக்குப் பின்னால் அடக்கமாக நிற்க வேண்டிய சர்ச் பேண்டுக்கு அது அதிகம். ஜாஸ் வகையில் ஒற்றைப் பிக்கப்பாக வாசிக்கும்போது வரும் ஹம்தான் தொந்தரவு என்றால், டிமார்ஸியோ மாடல் ஜே போன்ற ஹம் அடக்கும் வகையை வாங்குங்கள். எர்த் சரியில்லாத ஹாலில் மாதம் நான்கு முறை வாசிப்பவருக்கு டோனைவிட அது முக்கியம்.

கூடவே வாங்க வேண்டியவை: 250 கிலோ ஓம் ஆடியோ டேப்பர் பாட், உங்கள் பேஸில் எத்தனை உண்டோ அத்தனை. அதன் மேல் ஏ250கே என்று இருக்கும். பி என்று தொடங்கினால் லீனியர். 0.047 மைக்ரோஃபாரட் கண்டன்சர் ஒன்று, மேலே 473 என்று அச்சிட்டிருக்கும், ஐந்து ரூபாய்ச் சரக்கே போதும். மோனோ ஜாக் ஒன்று, ஒயர், ஸ்லீவ், 60/40 ஈயம், ரோசின் ஃபிளக்ஸ், ஈயம் உறிஞ்சும் பம்ப், பசையிலும் மின்சாரம் பாயும் காப்பர் டேப். அலுமினியம் டேப் வேண்டாம், அதில் ஈயம் ஒட்டாது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எல்லாம் கிடைக்கும். ஆனால் அங்கே கிடைக்கும் சாதாரண வால்யூம் கன்ட்ரோலின் தண்டு பல்லுப் பல்லாக இருக்கும், பேஸ் நாப் உட்காராது. தண்டு 6 மில்லிமீட்டரா 6.35-ஆ, துளை எவ்வளவு என்பதையும் பார்த்து வாங்குங்கள். பெரிய பாட்டின் கழுத்து சுமார் 9.5 மில்லிமீட்டர்; சிறிய பாட் இருந்த துளையில் நுழையாது, ரீமர் போட்டு அகலப்படுத்த வேண்டும். டிரில் போட்டால் பெயிண்ட் சிதறும்.

கழற்றுவது

வெயில் அடிக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். ஜன்னலுக்கு வெளியே பனி மூட்டம் இறங்கிய மாலையில் கேவிட்டியை (பாடிக்குள் பாட், ஒயர் இருக்கும் குழி) திறந்து வைத்தால் டேப் ஒட்டாது, கிராஃபைட் பெயிண்ட் அடித்திருந்தால் மறுநாள் வரை காயாது. காரில் குளிரில் கிடந்த பேஸைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தவுடன் பையைத் திறக்காதீர்கள். அரை மணி நேரம் பைக்குள்ளேயே இருக்கட்டும், இல்லையென்றால் கம்பியிலும் பாட் உள்ளேயும் நீர் கோக்கும்.

நான்கு கம்பியையும் ஒரேயடியாக வெட்டக் கூடாது. எல்லாம் சேர்ந்து நெக்கை 70 கிலோவுக்கு மேல் இழுத்துக்கொண்டிருக்கின்றன. மாற்றி மாற்றித் தளர்த்திப் பிறகு கழற்றுங்கள். வேலையை அன்றே முடித்துக் கம்பியைத் திரும்பப் போட்டுவிட்டால் டிரஸ் ராடை (நெக்குக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பி) தொட வேண்டியதில்லை.

திறந்தவுடன் முதலில் ஃபோட்டோ. நான்கு கோணத்தில். எந்த நிற ஒயர் எந்தக் காலில் என்று தாளிலும் எழுதுங்கள், ஏனென்றால் நிறத்துக்கு உலகப் பொது விதி கிடையாது. துருப்பிடித்த ஸ்க்ரூவை இழுத்துப் போராடாமல், சூடான சால்டரிங் அயர்னை ஸ்க்ரூவின் தலையில் பத்து நொடி வைத்து எடுத்துவிட்டுத் திருப்புங்கள், இளகிக் கொடுக்கும். பிக்கப்புக்கு அடியில் இருக்கும் பழைய ஸ்பாஞ்ச் பொடிந்து பிசினாகி மரத்தில் ஒட்டியிருக்கும். அதற்கு நம் ஊர் மருந்து வீட்டிலேயே இருக்கிறது: நீலகிரித் தைலம். பஞ்சில் இரண்டு சொட்டு நனைத்துத் தேய்த்தால் டேப் பசையும் ஸ்டிக்கர் பசையும் கழன்றுவரும். பெயிண்ட் மேலும் பிளாஸ்டிக் பிக்கார்டு (பாடியின் முன்புறத் தகடு) மேலும் படவிடக் கூடாது. சில பிளாஸ்டிக்கை அது கரைத்துவிடும்.

பிக்கப்பைக் கையாளும்போது கவனம். சுருளில் இருப்பது தலைமுடியைவிட மெல்லிய கம்பி, குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. காந்தம் ஸ்க்ரூடிரைவரைத் தானாக இழுக்கும். நுனி சறுக்கிச் சுருளில் பட்டால் அத்தோடு கதை முடிந்தது. மாஸ்கிங் டேப்பை மேலே சுற்றிவிட்டு வேலை செய்யுங்கள்.

ஷீல்டிங்

கேவிட்டி முழுக்கக் காப்பர் டேப் ஒட்டுங்கள், பாடியின் மேல் விளிம்பில் ஐந்து மில்லிமீட்டர் ஏறி வரட்டும். பிக்கார்டின் அடியில் ஒட்டும் டேப் இந்த விளிம்பைத் தொட்டால்தான் பெட்டி மூடியதாகும். ஒவ்வொரு துண்டுக்கும் இடையே மல்டிமீட்டரில் பீப் கேட்க வேண்டும். கேட்காத இடத்தில் ஒரு சொட்டு ஈயம். கடைசியில் ஒரு ஒயரால் பாட் முதுகோடு இணையுங்கள். ஜாக்கின் ஹாட் கால் டேப்பைத் தொட்டுவிடும் இடம்தான் வழக்கமான பொறி: மேசையில் சத்தம் வரும், மூடியதும் ஊமையாகிவிடும். அங்கே இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள்.

பற்றவைப்பது

25 வாட் அயர்ன் பிக்கப் ஒயருக்குப் போதும், பாட் முதுகுக்குப் போதாது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் அறையில் அந்த உலோகக் குடுவை சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈயம் உருகும்வரை அரை நிமிடம் அழுத்தினால் உள்ளே கார்பன் தடம் கருகும், பிறகு நாப்பைத் திருகும்போதெல்லாம் கரகரவென்று கேட்கும். 50, 60 வாட் அயர்ன், அகல நுனி, பாட் முதுகை உப்புத்தாளால் தேய்த்து, துளி ஃபிளக்ஸ். மூன்று நொடியில் ஈயம் பளபளப்பாகப் பரவ வேண்டும். மங்கிய உருண்டையாக நின்றால் அது ஒட்டவில்லை. ஜன்னலைத் திறந்துவையுங்கள், ஆனால் குளிர்காற்று நேரே வேலை மேல் வீச வேண்டாம்.

இனி இணைப்பு. பாட்டைத் திருப்பி, முதுகு உங்களைப் பார்க்க, மூன்று கால்களும் கீழே இருக்கப் பிடியுங்கள். வலது கால் எர்த், இது எல்லா வால்யூமுக்கும் பொது. அதை முதுகோடு வளைத்து ஒட்டலாம்.

பிரிசிஷன் வகைக்கு: பிக்கப் ஹாட் வால்யூமின் இடது காலுக்கு, நடுக்காலிலிருந்து ஜாக்கின் நுனிக்கு. இடது காலிலிருந்து கண்டன்சர் வழியாக டோன் பாட்டின் நடுக்காலுக்கு. டோனின் வலது கால் எர்த். ஜாக்கின் உடல், பிக்கப் எர்த், பிரிட்ஜிலிருந்து வரும் ஒயர் எல்லாம் பாட் முதுகுக்கு.

ஜாஸ் வகைக்கு ஒரு மாற்றம் உண்டு, பலர் தவறுவது இங்கேதான். பிக்கப் ஹாட் நடுக்காலுக்குப் போக வேண்டும், இரண்டு வால்யூமின் இடது கால்களும் சேர்ந்து ஜாக்குக்குப் போக வேண்டும். பிரிசிஷன்போல வைத்தால் ஒரு வால்யூமை மூடியதும் பேஸ் மொத்தமும் அடங்கிவிடும். கண்டன்சர் அந்த இடது கால்கள் சேரும் இடத்திலிருந்து டோனுக்கு.

ஈஎம்ஜி போன்ற ஆக்டிவ் பிக்கப்புக்கு 25 கிலோ ஓம் பாட், ஸ்டீரியோ ஜாக், 9 வோல்ட் பேட்டரி. பேட்டரியின் மைனஸ் ஜாக்கின் நடு வளையக் காலுக்கு; கேபிள் செருகும்போது மட்டும் மின்சாரம் ஓடும். வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்காமல் வைத்தால் பேட்டரி தீரும். இந்த வகைக்குப் பிரிட்ஜ் எர்த் ஒயர் தேவையில்லை.

மூடும் முன் ஃபேஸ் பார்ப்பது

ஃபேஸ் என்பது இரண்டு பிக்கப்பின் சிக்னலும் ஒரே திசையில் அசைவது. இரண்டு வெவ்வேறு கம்பெனிப் பிக்கப் சேர்க்கும்போது இதைப் பார்ப்பது கட்டாயம். மீட்டரை 200 மில்லிவோல்ட் டீசியில் வைத்து, சிவப்பு முள்ளை ஹாட்டிலும் கறுப்பை எர்த்திலும் பிடித்து, ஸ்க்ரூடிரைவர் நுனியைக் காந்தத்தில் ஒட்டி வெடுக்கென்று எடுங்கள். எண் பிளஸ் பக்கம் துள்ளுகிறதா மைனஸா என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பிக்கப்பும் ஒரே பக்கம் துள்ள வேண்டும். எதிரெதிராக இருந்தால் இரண்டையும் திறக்கும்போது அடிச்சுரம் வற்றி, மூக்கால் பேசுவதுபோல் வரும். ஒன்றின் இரு ஒயரையும் இடம் மாற்றினால் சரியாகிவிடும். உலோக மூடியோ சுற்று ஷீல்டோ எர்த் ஒயரோடு சேர்ந்திருந்தால் அப்படி மாற்றாதீர்கள். முதலில் அந்த இணைப்பைப் பிரிக்க வேண்டும்.

சீரீஸ், பேரலல் சுவிட்ச்

காசு குறைவு, பலன் அதிகம் என்றால் இந்த மாற்றம்தான். பிரிசிஷன் பிக்கப்பின் இரண்டு துண்டும் வழக்கமாக சீரீஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) இருக்கும். பேரலலாக்கினால் (பக்கம் பக்கமாக இணைத்தால்) ரெசிஸ்டன்ஸ் நான்கில் ஒன்றாகும். சத்தம் குறையும், மேல் சுரம் கண்ணாடிபோல் தெளியும், ஹம்மும் அடங்கியே இருக்கும். வால்யூமுக்குப் பதில் புஷ்-புல் (இழுத்தால் சுவிட்சாகும்) 250 கிலோ ஓம் பாட் போட்டால் பாடியில் புதுத் துளை வேண்டாம். கேவிட்டியின் ஆழம் மட்டும் போதுமா என்று பாருங்கள்.

இரு துண்டையும் இணைக்கும் ஒயரை நடுவில் வெட்டி, இரண்டு முனையையும் நீட்டிக்கொள்ளுங்கள். முதல் துண்டின் ஹாட் எப்போதும் வால்யூமுக்கு. இரண்டாவது துண்டின் எர்த் முனை எப்போதும் எர்த்துக்கு. வெட்டிய முனைகளில் முதல் துண்டினுடையது சுவிட்சின் இடது வரிசை நடுக்காலுக்கு, இரண்டாவதினுடையது வலது வரிசை நடுக்காலுக்கு. கீழ்க்கால் இரண்டையும் ஒன்றோடொன்று ஒயரால் இணையுங்கள்: அந்தப் பக்கம் சீரீஸ். மேல் இடது கால் எர்த்துக்கு, மேல் வலது கால் வால்யூமின் இடது காலுக்கு: இந்தப் பக்கம் பேரலல். முடித்ததும் கேபிள் வழியாக அளந்தால் ஒரு நிலையில் 10, மறு நிலையில் 2.5 கிலோ ஓம் வர வேண்டும். சீரீஸ் நிலையில் 240, 250 என்று வந்தால் கீழ் ஜம்பர் விட்டிருக்கிறது அல்லது தவறான காலில் இருக்கிறது.

டோன் கண்டன்சரையும் விளையாடிப் பார்க்கலாம். 104 என்று எழுதிய 0.1 மைக்ரோஃபாரட் போட்டால் டோனை மூடும்போது பழைய காலக் கும்மென்ற சத்தம். 223 போட்டால் மூடினாலும் கொஞ்சம் விரல் ஓசை மிஞ்சும். டோனை முழுதாகத் திறந்தே வாசிப்பவருக்கு இதில் வித்தியாசம் ஏறக்குறைய தெரியாது.

கீச்சிடும் பழைய பிக்கப்

சத்தம் கூட்டினால் பிக்கப் மைக்போல் ஊளையிடுகிறதா, மூடியை நகத்தால் தட்டினால் ஆம்பில் கேட்கிறதா? சுருள் தளர்ந்திருக்கிறது. மாற்றுவதற்கு முன் மெழுகில் ஊறவைத்துப் பாருங்கள். பாரஃபின் மெழுகு எட்டுப் பங்கு, தேன்மெழுகு இரண்டு பங்கு. கோத்தகிரி, கூடலூர் பக்கம் தேன்மெழுகுக்குப் பஞ்சமில்லை. நேரடி அடுப்பில் வேண்டவே வேண்டாம், மெழுகு ஆவி பற்றிக்கொள்ளும். தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம், தெர்மாமீட்டர் போட்டு 60 முதல் 65 டிகிரிக்குள். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதை நம்பிக் கொதிக்க விடாதீர்கள், அதுவே பிளாஸ்டிக் பாபினை (சுருள் சுற்றிய சட்டம்) நெளிய வைக்கப் போதும். குமிழி வருவது நிற்கும்வரை, பத்து இருபது நிமிடம். எடுத்துத் துடைத்து ஆறவிடுங்கள்.

உயரம் வைப்பது

புதுப் பிக்கப் நன்றாக இல்லை என்று விற்றுவிடுபவர்களில் பலர் இந்த வேலையைச் செய்திருக்கவே மாட்டார்கள். பிக்கப்புக்கு அடியில் பழைய ஸ்பாஞ்சுக்குப் பதில் அழுத்தமான ஃபோம் வையுங்கள். யோகா மேட் துண்டு இரண்டு அடுக்கு நன்றாகத் தாங்கும். கம்பியைப் போட்டு ட்யூன் செய்து, ஈ கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்தி, கம்பியின் அடியிலிருந்து காந்த முனைவரை அளங்கள். ஈ பக்கம் 2.8 மில்லிமீட்டர், ஜி பக்கம் 2. அங்கிருந்து கால் திருப்பு கால் திருப்பாக ஏற்றி இறக்கிக் கேளுங்கள். காந்தம் கம்பிக்கு மிக அருகே வந்தால் கம்பியை இழுக்கும்: மேல் ஃப்ரெட்டுகளில் சுரம் நடுங்கும், இண்டோனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுரம் சரியாக வருவது) எவ்வளவு திருகினாலும் நிற்காது. ஜாஸ் வகையில் பிரிட்ஜ் பக்கப் பிக்கப்பைக் கொஞ்சம் உயர்த்தி வைக்க வேண்டியிருக்கும், அந்த இடத்தில் கம்பி குறைவாகத்தான் அசையும்.

இந்த அளவு நிரந்தரமல்ல. ஜூனில் மழை பிடித்தால் நீலகிரியில் மரம் ஈரம் குடித்து நெக் வளையும், கம்பி உயரும். கொடைக்கானலில் அக்டோபருக்குப் பிறகுதான் அது அதிகம். பனிக்காலத்தில் காய்ந்து திரும்பும். அப்போது முதலில் டிரஸ் ராட், பிறகு பிரிட்ஜ் சாடில் (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு), கடைசியில்தான் பிக்கப் ஸ்க்ரூ. வரிசையை மாற்றினால் ஒன்று சரியாகும்போது மற்றது கெடும்.

கழற்றிய பழைய பிக்கப்பை சிலிகா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் போட்டு, எந்த ஒயர் ஹாட், ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு என்று மூடியில் எழுதி வையுங்கள். பேஸை விற்கும்போது கேட்பார்கள்.